மூன்றாம் வரிசைக்குக் காற்று வரவில்லை

அத்தியாயம் 6

கதவு ‘டப்’பென்று சாத்திக்கொண்ட சத்தத்தில் சங்கிலிமுத்து திடுக்கிட்டுத் திரும்பினார். பதினெட்டு வருடம் சிவகாசி - ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டே முக்கால்வாசி ஆயுளை ஓட்டியாகிவிட்டது. நாலு பக்கமும் அடைத்த அறை என்பது அவர் ஜாதகத்திலேயே இல்லாத சமாச்சாரம்.

“மேடம், இந்த ரூமுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லையா?”

“இல்லண்ணே. ஜன்னல் வச்சா குளிர் வெளிய போயிரும்,” என்றாள் நசிமா.

“குளிர் போனா போகட்டும். அவசரத்துக்கு நான் போகணும்ல?”

நசிமா சிரிக்கவில்லை. விருதுநகரில் தீவிபத்து இன்சூரன்ஸ் சர்வேயராக ஒன்பது வருடம் இருந்துவிட்டு, அப்புறம் தனியாகத் துப்பறிய வந்தவள் அவள். பஸ் வேலையை விட்ட சங்கிலிமுத்து இப்போது அவளுக்கு உதவியாள். வேலை என்று இறங்கிவிட்டால் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்க்க டார்ச் லைட் அடித்துத் தேட வேண்டும்.

விஸ்வநத்தத்தைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவே நிற்கிறது அந்தக் கட்டடம். பத்து வருடத்துக்கு முன்னால் வரை பாண்டிராஜ் குடும்பத்தின் பட்டாசு பேக்கிங் கூடம். லைசென்ஸ் போன பிறகு பூட்டிக் கிடந்தது. 2008-ல் பாண்டிராஜ் அதைத் தட்டிக் கொட்டி டேட்டா சென்டர் ஆக்கினார். சுவர் முழுக்க வெள்ளை அட்டை அடித்து, உள்ளே பீரோ உயரத்துக்குக் கறுப்பு ரேக்குகளை மூன்று வரிசையாக நிறுத்தி, அவற்றில் சர்வர்களை அடுக்கினார். சிவகாசி அச்சகங்களின் காலண்டர், டைரி டிசைன்கள் எல்லாம் அவற்றுக்குள்தான் இருந்தன.

ஒன்பது நாளைக்கு முன்னால், டெக்னீஷியன் பைசல் இதே கூடத்தில் மயங்கிக் கிடந்தான். தீப்பிடித்தால் அணைப்பதற்காகச் சுவரோரம் நிறுத்தியிருக்கும் வாயு சிலிண்டர்கள் திறந்துகொண்டு, கூடம் முழுக்க வாயு நிரம்பியிருந்தது. அந்த வாயு நெருப்பின் மூச்சை நிறுத்தும். மனிதன் மூச்சு வேறு, நெருப்பின் மூச்சு வேறு என்று அது பேதம் பார்க்காது. மதுரை ஆஸ்பத்திரியில் பைசல் இன்னும் கண் திறக்கவில்லை.

பாண்டிராஜ் பழியைத் தூக்கி ஓவியாவின் தலையில் வைத்துவிட்டார். மூன்றாம் வரிசை கண்டபடி சூடேறியதால்தான் வாயு திறந்தது, சூடேறக் காரணம் காற்றோட்டத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்த அந்த இன்ஜினியர் பெண் என்றார். மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டரோடு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தால் ஓவியா ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

இப்போது மணி இரண்டேகால். ஓவியா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு முதல் வரிசை ஓரம் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயது. அவள் அம்மா ஏழாயிரம்பண்ணைக் கம்பெனியில் பட்டாசு சுற்றி அவளைப் படிக்கவைத்தவள். அந்த அம்மாவின் இடுப்பில் இருந்த இதே ஓவியாவுக்கு, மூன்று வயது முடிஞ்சாச்சா இல்லையா என்று சண்டை போட்டு அரை டிக்கெட் கிழித்தவர் சங்கிலிமுத்து. அதை நினைத்தால் இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது.

“பயப்படாத தாயி. மூணு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல,” என்றார்.

“நான் ஜெயிலுக்குப் போனாக்கூட பரவாயில்லண்ணே. ‘அவ மகதான அந்தப் பையனக் கொல்லப் பார்த்தா’ன்னு கம்பெனி வேன்ல ஏறுறப்ப எங்கம்மாகிட்ட கேப்பாங்க. அதத்தான் நினைக்க முடியல.”

நல்ல வேளையாக நசிமா குறுக்கே வந்தாள்.

“அழுறத அப்புறம் வச்சுக்கலாம். இந்த ரூம்ல காத்து எப்படிப் போகணும்? அதச் சொல்லு.”

ஓவியா லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் அவள் போட்ட மாடல்: இதே கூடம், கண்ணாடியால் செய்தது போல. தரைக்கு அடியிலிருந்து நீலக் கோடுகள் கிளம்பி, ரேக்குகளுக்குள் நுழைந்து, மறுபக்கம் சிவப்பாக வெளியேறின.

“தரையை ரெண்டடி உசத்தியிருக்கோம்க்கா. ஏ.சி. குளிர்காத்தத் தரைக்கு அடியில தள்ளும். அது இந்தத் துளைத் தகடு வழியா மேல வந்து சர்வர் முகத்துல அடிக்கும். சூடான காத்து பின்பக்கமாப் போயி, மேல ஏறி, திரும்ப ஏ.சி.க்கே போயிரும். ரெண்டும் கலக்கவே கூடாது.”

“முன் படியில ஏறு, பின் படியில இறங்கு, நடுவுல நிக்காத,” என்றார் சங்கிலிமுத்து. “பதினெட்டு வருசமா நான் கத்துனது இதுதான். ஒரு பய கேட்டதில்ல.”

“அதேதாண்ணே!” ஓவியாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம். “என் மாடல்ல மூணாம் வரிசைக்கு இருபத்திரண்டு டிகிரி. தீபாவளி வரைக்கும் நிஜத்துலயும் அதான் இருந்துச்சு. தீபாவளி முடிஞ்ச மூணாம் நாள்ல இருந்து முப்பத்தாறு.”

நசிமா சங்கிலிமுத்துவைப் பார்த்தாள். “அண்ணே, உங்க பழைய டிக்கெட் கட்டு இருக்கா?”

இருந்தது. வேலையை விட்டு நாலு வருடமாகியும் அவர் சட்டைப் பையில் ஒரு கட்டு டிக்கெட் இருக்கும். ரோஸ் நிறத்தில், ஊதினால் பறக்கும் காகிதம். நசிமா ஒவ்வொன்றாகக் கிழித்து, ஓரத்தை மட்டும் டேப்பால் ஒட்டினாள். முதலில் ஒவ்வொரு துளைத் தகட்டிலும் ஒன்று. அப்புறம் ரேக்குகளுக்குப் பின்னால் இருந்த சுவரிலும் வரிசையாக.

முதல் வரிசை டிக்கெட்டுகள் படபடவென்று எழுந்து ஆடின. இரண்டாம் வரிசையும் ஆடியது. மூன்றாம் வரிசையில் எட்டுத் தகடுகளிலும் டிக்கெட்டுகள் அடித்துப்போட்டது போலப் படுத்துக் கிடந்தன.

“மூணாம் வரிசைக்குக் காத்தே வரல,” என்றாள் நசிமா. “ஓவியா, உன் மாடல்ல தரைக்கு அடியில என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லக்கா. வெறும் காத்துதான்.”

“அங்க ஏதோ அடைச்சிருக்குன்னு போட்டுப் பாரேன்.”

“போடலாம். கணக்குப் போட்டு முடிக்க ஆறு மணி நேரம் ஆகும்.”

“ஆறு மணி நேரத்துல இன்ஸ்பெக்டரு உனக்கு ராத்திரிச் சாப்பாடே வாங்கிக் குடுத்திருப்பாரு,” என்றார் சங்கிலிமுத்து.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

தினமும் மதியம் இரண்டரை மணிக்கு வரும் மின்வெட்டு. அந்த வருடம் தமிழ்நாட்டில் கடிகாரம் பொய் சொன்னாலும் மின்வெட்டு பொய் சொல்லாது. தலைக்கு மேல் ஒரு சின்ன எமர்ஜென்சி விளக்கு எரிந்தது. இத்தனை நேரம் பேரிரைச்சலாக இருந்த ஏ.சி. அடங்கியது. சர்வர்கள் மட்டும் பேட்டரியில் ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தன.

“ஒரு நிமிசத்துல ஜெனரேட்டர் வந்துரும்,” என்றாள் ஓவியா.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டாயிற்று, மூன்றாயிற்று. ஜெனரேட்டர் வரவில்லை.

சங்கிலிமுத்து கதவுக்குப் போய்க் கைப்பிடியைத் திருகினார். அசையவில்லை. ஓவியா கதவு திறக்கும் அட்டையைத் தேய்த்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளிருந்து திறக்கும் பச்சைப் பொத்தானை நசிமா அழுத்தினாள். அது ஒயரோடு கழன்று அவள் கையிலேயே வந்துவிட்டது.

“டீ வாங்கிட்டு வர்றேன்னு போனாரே மேனேஜர் அண்ணாச்சி, அவரு வந்து திறந்துருவாரு,” என்றார் சங்கிலிமுத்து. மேனேஜர் முத்துக்கருப்பனை அவருக்குப் பிடித்திருந்தது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதாகச் சொன்னவர். பைசல் பெயரைச் சொன்னாலே கண் கலங்குவார். வாசலில் இவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டபோது, “மூணு டீயா, நாலு டீயா? யாருக்குச் சீனி கம்மி?” என்று கேட்டுவிட்டுப் போன மனுஷன்.

நசிமா செல்போனைப் பார்த்தாள். கூரையிலும் கதவிலும் இரும்புத் தகடு. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

“ஓவியா, ஏ.சி. இல்லாம இந்த ரூம் எம்புட்டு நேரம் தாங்கும்?”

ஓவியா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

“அந்தக் கணக்க ஏற்கெனவே போட்டிருக்கேன். இருபது நிமிசத்துல கூரை சென்சார் ரெண்டும் அறுபது டிகிரியத் தொட்டுரும். தொட்டா…” அவள் சுவரோரச் சிலிண்டர்களைக் காட்டினாள். “நேத்துதான் புதுசா நிரப்புனாங்க.”

“சர்வரையெல்லாம் அணைச்சிரலாமே?”

“ரேக் சாவி மேனேஜர்கிட்ட. மெயின் சுவிட்சு வெளிய.”

“அப்ப யாரோ கணக்காத்தான் பூட்டியிருக்காக,” என்றாள் நசிமா மெதுவாக. “பைசலுக்கு நடந்த மாதிரியே நமக்கும் நடக்கும். ‘பாவம், அந்தப் பொண்ணு போட்ட தப்புக் கணக்கு அவளையே கொன்னுருச்சு’ன்னு ஊர் பேசும். கேஸும் முடிஞ்சுரும்.”

“கூடச் செத்த கண்டக்டரப் பத்தி என்ன பேசுவாக மேடம்?”

“சில்லறை பாக்கின்னு பேசுவாக.”

நசிமா தமாஷ் பண்ணுகிறாள் என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம். சங்கிலிமுத்து கதவைக் காலால் எட்டி உதைத்தார். வெறுங்கால். வலித்ததே தவிர இரும்பு அசரவில்லை. காற்று கனத்துக்கொண்டே வந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. சித்திரை மாத வெயிலில் பிரேக்டவுன் ஆன பஸ்ஸில் மூடிய ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது போல மூச்சு முட்டியது.

“பைசலோட செருப்ப நினைச்சுப் பாருங்கண்ணே,” என்றாள் நசிமா.

“இப்ப எங்க செருப்ப மாட்டிட்டு ஓடலாம்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.”

அந்தச் செருப்புதான் இன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரே துப்பு. ஒரு மணிக்கு அவர்கள் வந்து இறங்கியபோது, கேட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த மாரித்தாய் சொன்னது. இருபத்திரண்டு வருடம் பட்டாசு ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது இங்கே கூட்டிப் பெருக்குகிறவள். “பைசல் தம்பி செருப்பு முன்வாசல்ல இல்ல தாயி. பின்னாடி, வெளக்கமாறு வைக்கிற தகரக் கொட்டகை ஓரமா சோடியாக் கெடந்துச்சு. போலீசுல சொன்னேன். நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்னுட்டாக.”

“நாய் ஒத்தச் செருப்பத் தூக்கும்,” என்றாள் நசிமா இப்போது. “ரெண்டையும் தூக்கிட்டுப் போயி சோடி சேத்து வைக்குமா? பைசல் பின்பக்கமா உள்ள வந்திருக்கான். இந்த ரூமுக்குப் பின்பக்கம் வாசல் இருக்கா ஓவியா?”

“இல்லக்கா. முன்ன பட்டாசு ரூமா இருந்தப்ப நாலு பக்கமும் வாசல் இருந்துச்சு. ஆளு தப்பிச்சு ஓட அப்படித்தான் கட்டணும்னு சட்டம். மூணையும் செங்கல் வச்சு அடைச்சாச்சுன்னு மேனேஜர் எழுதிக் குடுத்தாரு. அத வச்சுத்தான் மாடலே போட்டேன்.”

“எழுதிக் குடுத்தத நீ நம்புன. காத்து நம்புச்சான்னு பாப்போம்.” நசிமா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “ஏ.சி. நின்னு ஏழு நிமிசம் ஆச்சு. இப்ப இந்த ரூம்ல காத்து அசையவே கூடாது. எல்லா டிக்கெட்டும் தூங்கணும். எது முழிச்சிருக்குன்னு தேடுங்கண்ணே.”

சங்கிலிமுத்து தேடினார். முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் இப்போது அடங்கிக் கிடந்தன. மூன்றாம் வரிசைக்குப் பின்னால், சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற இடைவெளி. உள்ளே நுழைய அவருக்கு மனசே இல்லை. வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். ரேக்கின் சூடு கன்னத்தில் அறைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று… நாலாவது டிக்கெட் ஆடிக்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டிய காகிதம், சுவருக்குள் யாரோ மூச்சு விடுவது போல, எழுந்து எழுந்து விழுந்தது.

“மேடம்! இங்கன ஒருத்தன் டிக்கெட் வாங்காம ஏறியிருக்கான்!”

நசிமா வந்து வெள்ளை அட்டையின் ஓரத்தில் விரலை விட்டு இழுத்தாள். கதவளவு அட்டை அப்படியே பெயர்ந்து வந்தது. பின்னால் செங்கல் இல்லை. இரும்புக் கதவு ஒன்று, வெளியே திறக்கிற கதவு.

மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். அது அரை விரல் அகலம் அசைந்து, அதற்கு மேல் போக மறுத்தது. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“தாழ்ப்பாள் போட்டிருக்குன்னா, இத யாரோ இன்னைக்கும் புழங்குறாங்கன்னு அர்த்தம்,” என்றாள் நசிமா. “எதுக்கு? ஓவியா, மூணாம் வரிசைத் தகட்டத் தூக்கு.”

தரைத் தகட்டைத் தூக்க ஒரு ரப்பர்க் கைப்பிடி உண்டு. ஓவியா அதை ஒட்டவைத்து இழுத்தாள். இரண்டடி ஆழம். அங்கே காற்று இருக்க வேண்டும். காற்றுக்குப் பதிலாக, லேபிள் ஒட்டாத அட்டைப்பெட்டிகள் விளிம்பு வரை அடைத்திருந்தன. வரிசை முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

ஓவியா குனிந்து முகர்ந்தாள். அப்படியே பின்வாங்கினாள்.

“எங்கம்மா சேலையில வர்ற வாசனை,” என்றாள். “சரவெடி.”

தீபாவளிக்கு விற்காமல் தங்கிய கள்ளச் சரக்கு. லைசென்ஸ் இல்லாதவன் அதை எங்கே வைப்பான்? குடோனில் வைத்தால் ரெய்டு, வீட்டில் வைத்தால் சாவு. ஆனால் ஜில்லாவிலேயே குளுகுளுவென்று ஈரமில்லாமல் இருக்கிற இடம் இந்தத் தரைக்கு அடியில்தான். எந்த அதிகாரியும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு சர்வரைப் பார்ப்பானே தவிர, காலுக்குக் கீழே பார்க்க மாட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரன், சோறு வேகக் காற்று வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டான். பைசல் இதைப் பார்த்துவிட்டான். அதற்குத்தான் ஆஸ்பத்திரி.

சங்கிலிமுத்து தன் வெறுங்கால்களைக் குனிந்து பார்த்தார். மனைவி வள்ளித்தாய் காலையில் தோசைக்கு ஊற்றிக் கொடுத்த சாம்பார் ஞாபகம் வந்தது. உப்பு இல்லை என்று கத்திவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனால் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். போவோமா என்று நிச்சயமில்லாமல் இருந்தது.

“ஐம்பத்து மூணு,” என்றாள் ஓவியா, கூரை சென்சாரின் எண்ணைப் பார்த்து.

அவர் இரும்புக் கதவை இரண்டு கையாலும் அறைய ஆரம்பித்தார். “யாராச்சும் இருக்கீகளா? ஏலே! யாராச்சும் திறங்கலே!”

“ஐம்பத்தஞ்சு.”

வெளியே தகரம் ஒன்று கடகடத்தது. நசிமா சட்டென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். வருவது பூட்டியவனாகவும் இருக்கலாம். ‘கிறீச்’ என்று தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. வெளிச்சத்தில், ஒரு கையில் விளக்கமாறோடு மாரித்தாய் நின்றிருந்தாள்.

“முன்வாசல்ல மூணு சோடி செருப்பு கெடந்துச்சு,” என்றாள். “கரண்ட் போயி இம்புட்டு நேரமாச்சு, ஆளு ஒண்ணும் வெளிய வரல. அதான் வந்தேன்.”

தகரக் கொட்டகைக்குள் வாளிகளுக்கும் விளக்கமாறுகளுக்கும் நடுவே போய் விழுந்தார் சங்கிலிமுத்து. புழுதி வாசனையோடு வந்த அந்தக் காற்றை அவர் வாய் நிறையக் குடித்தார். மாரித்தாயின் காலைத் தொட்டுக் கும்பிடத்தான் தோன்றியது. அதற்குள் நசிமா, “அண்ணே, ஜெனரேட்டர்!” என்றாள். பஸ் டீசலோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது ஒரு வேலையா? ஓடிப்போய்ப் பார்த்தால், யாரோ டீசல் குழாயைத் திருகி மூடி வைத்திருந்தார்கள். திறந்துவிட்டு, பேட்டரி சுவிட்சைப் போட்டதும் அது இருமிக்கொண்டு கிளம்பியது. கூரை சென்சார் ஐம்பத்தெட்டில் நின்று, மெல்ல இறங்க ஆரம்பித்தது.

திரும்பி வந்தபோது நசிமா மாரித்தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். “இந்த வாசல் இருக்கிறத ஏன் யாருகிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டாக? வந்தவுக எல்லாம் கம்ப்யூட்டரத்தான கேட்டாக. ஆளு வேலை செய்யுற ரூமுக்கு வெளித்தாழ்ப்பாள் போடக் கூடாது தாயி, எங்க ஷெட்டுல அதான் மொதச் சட்டம். நானும் தினம் நீக்கி விடுறேன், எவனோ தினம் போட்டுர்றான்.”

சங்கிலிமுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிலைச்சட்டத்தில் சாய்ந்தார். அங்கே தொங்கிய பழைய சாக்குக்குப் பின்னால், முழங்கையில் ஏதோ ஜில்லென்று பட்டது. விலக்கிப் பார்த்தார். சுவரில் பதித்த உள்ளங்கையளவு செம்புத் தகடு.

“அது தொடு தகடு,” என்றாள் மாரித்தாய். “வெடிமருந்து இருக்கிற ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி அதத் தொட்டுட்டுத்தான் போகணும். ஒடம்புல இருக்கிற கரண்ட் மண்ணுக்குள்ள போயிரும். தொடாமப் போனா ஒரு பொறி போதும். ரெண்டு வருசம் ஷெட்டுல நின்னுட்டா, கை தன்னால போகும்.”

நசிமா தகட்டையே பார்த்தாள். “பத்து வருசமா மருந்து புழங்காத கட்டடத்துல செம்பு கறுத்துல போயிருக்கணும்?”

புளி போட்டுத் துலக்கிய செம்புப் பானை மாதிரி அது பளபளத்தது. நசிமா சாக்கை மறுபடி அதன் மேல் இழுத்து மூடினாள்.

“எனக்குத் தெரியும் மேடம்,” என்றார் சங்கிலிமுத்து. “முதலாளி பாண்டிராஜுதான். பரம்பரைப் பட்டாசுக்காரன்.”

“பாக்கலாம்ண்ணே,” என்றாள் நசிமா. கதவை முன்போலச் சாத்தினாள்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரும் பாண்டிராஜும் இறங்கினார்கள். அதே நேரம் கேட்டுப் பக்கமிருந்து முத்துக்கருப்பன் அண்ணாச்சி வேட்டி தடுக்க ஓடி வந்தார். “டீக்கடையில கூட்டம் மொதலாளி, இப்பத்தான் வர்றேன். உள்ள மூணு பேரு மாட்டிக்கிட்டாக! ஜெனரேட்டர் வேற…” என்று ஆரம்பித்தவர், கட்டட மூலையில் நின்ற மூன்று பேரையும் பார்த்து அப்படியே நின்றார். மறு வினாடி, “கருப்பசாமி காப்பாத்திட்டாரு!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நசிமா எல்லோரையும் தகரக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் இரும்புக் கதவைத் திறந்து காட்டினாள். பாண்டிராஜுக்கு முகம் சிவந்தது.

“இத அடைச்சாச்சுன்னுல சொன்ன, முத்துக்கருப்பு?”

“கொத்தனாரு ஏமாத்திட்டான் போல மொதலாளி. நான் இந்தப் பக்கம் எட்டிப் பாத்ததே இல்ல. நான் சிமெண்ட்டுக்காரன். இப்படி ஒரு வாசல் இருக்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.”

“சரி, தரைக்கு அடியில மருந்துச் சரக்கு இருக்கு. உள்ள போயி எல்லாருமே பாத்துருவோம்,” என்றாள் நசிமா. “பாண்டிராஜ் சார், நீங்க முன்ன போங்க.”

சங்கிலிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பாண்டிராஜின் கையையே பார்த்தார். பாண்டிராஜ் கையை வீசிக்கொண்டு, எருமை குளத்தில் இறங்குவது போல நேராக உள்ளே போய்விட்டார். சாக்குப் பக்கம் திரும்பக்கூட இல்லை. முதலாளி வீட்டுப் பிள்ளை. ஆபீசில் உட்கார்ந்து ஆர்டர் எடுத்திருப்பாரே தவிர, ஷெட்டுக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

“அடுத்து நீங்க, அண்ணாச்சி.”

முத்துக்கருப்பன் தலையாட்டிக்கொண்டே நகர்ந்தார். “அடப் பாவிகளா, பாவம் அந்தப் பைசல் பய…” என்று புலம்பிக்கொண்டே வாசற்படியில் வலது காலை எடுத்து வைத்தார். அவர் இடது கை, யாரும் சொல்லாமலே, சாக்குக்குப் பின்னால் நுழைந்தது. உள்ளங்கை செம்பில் பதிந்தது. தன் கையைத் தானே அப்போதுதான் பார்க்கிறவர் போலப் பார்த்தார் முத்துக்கருப்பன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

“ஆலங்குளத்துல சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்துல போறப்பவும் இதத் தொட்டுட்டுத்தான் போவீகளா அண்ணாச்சி?” என்று கேட்டாள் நசிமா. “ஒரு தடவையும் வராத வாசல்ல, சாக்குக்குப் பின்னால, கை எப்படி நேரா அங்க போச்சு?”

“அது… சும்மா பிடிமானத்துக்கு…”

“இன்னொண்ணு. டீ வாங்கப் போனீக. வெறுங்கையோட வந்து, மூணு பேரு மாட்டிக்கிட்டாகன்னு பாக்காமலே சொல்லுறீக. உள்ள குடிக்க ஆளு இருக்காதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு.”

சங்கிலிமுத்துவுக்கு அதுதான் தாங்கவில்லை. சீனி கம்மியா என்று கேட்ட அந்தக் குரலை நினைத்தால் உடம்பு கூசியது. இன்ஸ்பெக்டர் முத்துக்கருப்பனின் தோளைப் பிடித்தார். அவர் திமிறவில்லை. அவர் முன்பு எந்தப் பட்டாசு ஷெட்டில் வேலை பழகினார், இப்போது யாருக்காகப் பதுக்கினார் என்பதெல்லாம் ஸ்டேஷனில் பேச வேண்டிய பேச்சு. பாண்டிராஜ் ஓவியாவின் முகத்தைப் பார்க்காமல், “பாப்பா… நான் வந்து…” என்று இழுத்தார். ஓவியா மாரித்தாயின் பக்கம் போய் நின்றாள்.

“பெட்டிய எடுக்கணும். ஆளனுப்பச் சொல்றேன்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஒரு தகட்டு அளவுக்கு நான் எடுக்கேன் சாமி,” என்றாள் மாரித்தாய். “இது எங்க வேலை. எல்லாரும் தள்ளிப் போங்க.”

சேலையை இழுத்துச் செருகினாள். எல்லோரும் பார்க்கச் செம்புத் தகட்டைத் தொட்டாள். உள்ளே போய், திறந்து கிடந்த குழியிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக, பிறந்த பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வெளியே கொண்டுவந்து நிழலில் வைத்தாள். ஆறு பெட்டி. ஓவியா தரைத் தகட்டை மூடி, அதில் கிடந்த ரோஸ் டிக்கெட்டை நேராக்கிவிட்டாள். அதுவரை சங்கிலிமுத்து வாசற்படியிலேயே நின்றார். மறுபடி உள்ளே வரச் சொன்னால் வேலையையே விட்டுவிடுவதாக நசிமாவிடம் சொல்லியிருந்தார்.

டிக்கெட் ஒரு தடவை புரண்டது. பிறகு எழுந்து நின்று படபடவென்று ஆடியது.

“வந்துருச்சுக்கா,” என்றாள் ஓவியா. ஒன்பது நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. “என் கணக்கு சரிதான்க்கா. சரிதான்.”

வெளியே முத்துக்கருப்பனை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். சங்கிலிமுத்து முன்வாசலுக்குப் போய்த் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பையிலிருந்து ஒரு முழு டிக்கெட் கிழித்து, ஜீப் கம்பி வழியாக அண்ணாச்சியின் மடியில் போட்டார். ஜீப்பின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“போலாம், ரைட்!”